வாயைத் திறப்பதற்கு முன் பேச வேண்டியவை

வாசகர் கேள்வி – பல் மருத்துவர் பதில்

பல் சிகிச்சை பற்றிய ஐயங்களை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, எழுதியவர் தம்முடைய மருத்துவரிடமே நேரில் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள். ஏதோ ஒரு தயக்கத்தால் கேட்காமல் வீடு திரும்பி, பிறகு நமக்கு எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழில் சொத்தை, ஈறு, கம்பி என்று பிரிக்காமல், மருத்துவரும் நோயாளியும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதைப் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: கடைவாய்ப் பல் வலிக்காக ஒரு கிளினிக்குக்குச் சென்றேன். மருத்துவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ரூட் கெனால் பண்ணி கேப் போடணும், 12,000 ரூபாய் ஆகும்" என்றார். நானும் தலையாட்டி, முன்பணம் கட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் என் கணவர், "எந்தப் பல், எதற்காக, வேறு வழி இல்லையா?" என்று கேட்டபோது எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. திரும்பப் போய்க் கேட்டால் மருத்துவர் தவறாக நினைப்பாரா?
– வாசகி, மதுரை

பதில்: நினைக்கக் கூடாது, நினைத்தாலும் நீங்கள் கேட்கத்தான் வேண்டும். மற்ற மருத்துவர்களிடம் பரிசோதனையின் நடுவிலும் நாம் பேசிக்கொண்டே இருக்கலாம். பல் மருத்துவத்தில் நாற்காலியைச் சாய்த்துவிட்டால், வாயில் பஞ்சும் உமிழ்நீர் உறிஞ்சும் குழாயும் மருத்துவரின் விரல்களும் இருக்கும். அவர் முகக்கவசத்துக்குள்ளிருந்து ஏதோ கேட்பார், பல்லைக் குடையும் ஏர்ரோட்டர் கருவியின் இரைச்சலில் பாதி காதில் விழாது, நீங்கள் "ம்ம்" என்பீர்கள். அந்த "ம்ம்" சம்மதமா, வலியா, மூச்சு வாங்குவதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். எனவே பேச வேண்டியதெல்லாம் நாற்காலி நிமிர்ந்திருக்கும்போதே, முகத்துக்கு முகம் பார்த்துப் பேசி முடிக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்குச் சட்டத்தின் ஆதரவும் உண்டு. சமீரா கோலி என்ற பெண்மணி தொடுத்த வழக்கில் 2008ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. நோயைக் கண்டறியும் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்தவருக்கு, வெளியே காத்திருந்த தாயாரின் ஒப்புதலை வைத்துக்கொண்டு கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். அவசர நிலை ஏதும் இல்லாதபோது அது செல்லாத சம்மதம் என்று நீதிமன்றம் கூறியது. சிகிச்சையின் தன்மை என்ன, எதற்காகச் செய்யப்படுகிறது, மாற்று வழிகள் உண்டா, ஆபத்துகள் எவை, செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பவற்றைப் போதிய அளவு தெரிந்துகொண்ட பிறகு தரப்படுவதே சம்மதம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குப் பொருந்தாது என்பதையும் அது தெளிவாக்கியது. அறுவை அரங்கைப் பற்றிய வழக்குதான் என்றாலும், ஒரு பல்லை அடைக்கச் சென்றவருக்குப் பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டு, "வெளியே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டோமே" என்று சொல்லும் இடங்களுக்கும் அது பொருந்தும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மறுபடி செல்லும்போது, எடுத்த எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி விளக்கச் சொல்லுங்கள். வாய்க்குள் சிறிய உணர்கருவியை வைத்து எடுக்கும் டிஜிட்டல் படத்தை ஆர்.வி.ஜி. என்பார்கள். அதில் பல்லின் மேலோடு வெள்ளையாகவும், சொத்தை விழுந்த பகுதி கறுப்பாகவும் தெரியும். அந்தக் கறுப்பு, பல்லின் நடுவே உள்ள நரம்புக் கூழின் அறையைத் தொட்டிருக்கிறதா, வேரின் நுனியைச் சுற்றி எலும்பில் கருமை படர்ந்திருக்கிறதா என்று காட்டச் சொன்னால், படிக்காதவரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். நரம்பைத் தொடாத சொத்தை என்றால் அடைப்பதே போதுமானதாக இருக்கலாம். தொட்டிருந்தால், வேர் சிகிச்சையா (ரூட் கெனால்) பல்லை எடுப்பதா என்பதே உங்கள் முன் உள்ள தேர்வு. எடுத்தால் செலவு இப்போது குறையும், ஆனால் அந்த இடைவெளியில் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் கீழிறங்கும் என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

எந்தப் பல் என்பதை எண்ணாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் பெரும்பாலான மருத்துவர்கள் பயன்படுத்தும் முறையில் வாய் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. உங்கள் மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. ஒவ்வொரு பகுதியிலும் நடு முன்பல்லிலிருந்து 1 முதல் 8 வரை எண்ணுவார்கள். "36" என்றால் கீழ் இடது பக்கத்தின் ஆறாவது பல். "48" என்றால் கீழ் வலது ஞானப்பல். சீட்டில் இந்த எண் இருந்தால், நாளைக்கு வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கச் சென்றாலும் குழப்பம் வராது.

செலவைப் பற்றிக் கேட்பதற்கும் வெட்கப்பட வேண்டாம். சொன்ன தொகையில் கேப் (பல்லின் மேல் பொருத்தும் உறை) அடங்குமா, கேப் முழு உலோகமா, உலோகத்தின் மேல் செராமிக்கா, ஜிர்கோனியாவா, எத்தனை முறை வர வேண்டும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கேப் எதற்கு என்றும் கேளுங்கள். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் ஏற்கெனவே சொத்தையாலும் துளையிட்டதாலும் உள்ளுக்குள் பெரும்பகுதியை இழந்திருக்கும். கடிக்கும் அழுத்தத்தில் பிளந்துவிடாமல் இருக்கவே கேப். இதைச் சொல்லாமல் விடுவதால்தான், முதல் அமர்வில் வலி நின்றதும் பலர் காணாமல் போகிறார்கள். சில வாரங்களுக்கென்று வைத்த தற்காலிக அடைப்பு கரைந்து, கிருமி மறுபடி உள்ளே புகுந்து, ஆறு மாதம் கழித்துப் பாதிப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். அந்த நோயாளியைக் கோபித்துக்கொள்ளும் மருத்துவர், முதல் நாள் தாம் என்ன சொன்னோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: "எந்தப் பல் வலிக்கிறது?" என்று மருத்துவர் கேட்டார். என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே, சில நேரம் காதுக்குள் வலிப்பதுபோல் இருக்கிறது. "சரியா சொல்லுங்க சார்" என்று அவர் சலித்துக்கொண்டார். வலியை எப்படிச் சொல்வது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சொல்ல முடியாமல் போனது உங்கள் குறை அன்று, அதுவே ஒரு நோய்க்குறி. நரம்புக் கூழ் மட்டும் வீங்கியிருக்கும் கட்டத்தில் எந்தப் பல் என்று மூளையால் பிரித்தறிய முடியாது. கீழ்ப்பல்லின் வலி மேல்தாடையிலும், காதிலும், பொட்டிலும் தெரியும். ஆனால் பெரும்பாலும் வலதிலிருந்து இடதுக்குத் தாண்டாது. "எந்தப் பல் என்று தெரியவில்லை, ஆனால் இடது பக்கம்தான்" என்று நீங்கள் சொல்லியிருந்தாலே ஒரு நல்ல மருத்துவருக்குப் பாதி விடை கிடைத்திருக்கும். மிச்சத்தைத் தட்டிப் பார்த்தும், குளிர்ச்சி வைத்துப் பார்த்தும், படம் எடுத்தும் அவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வலியை விவரிக்கும்போது இடத்தைவிட நேரமும் காரணமும் முக்கியமானவை. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று வந்து சில நொடிகளில் அடங்கிவிட்டால், பெரும்பாலும் நரம்பு இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் இருக்கிறது. அதே குளிர்ச்சி பட்ட பிறகு நிமிடக்கணக்கில் விண்விண்ணென்று நீடித்தால், தானாகவே வந்தால், படுத்தவுடன் கூடினால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், நரம்பு மீள முடியாத கட்டத்துக்குப் போய்விட்டது என்று பொருள். சூடான காபி குடித்தால் உயிர் போகிறது, ஐஸ் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கிறது என்று சிலர் ஒரு பாட்டிலோடு வந்து உட்காருவார்கள். அது இன்னும் முற்றிய நிலை. பல் சற்று உயர்ந்துவிட்டதுபோல் தோன்றி, மேல்பல் பட்டாலே வலித்தால் கிருமி வேரின் நுனியைத் தாண்டிவிட்டிருக்கும்; அப்போது உங்களால் பல்லைத் துல்லியமாகக் காட்டவும் முடியும். கடித்துவிட்டு வாயைத் திறக்கும் அந்தக் கணத்தில் மட்டும் சுளீரென்று வந்தால், பல்லில் விரிசல் இருக்கலாம். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் எல்லாமே சேர்ந்து வலித்து, குனிந்தால் பாரமாகவும் இருந்தால், அது சளியடைத்த சைனஸாக இருக்கக்கூடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நடந்தால் அல்லது படியேறினால் கீழ்த்தாடையில் வலி வந்து, நின்று ஓய்வெடுத்ததும் மறைகிறது என்றால், பல் மருத்துவரைத் தேடிப் போகாதீர்கள், இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஓய்விலும் விடாமல் நெஞ்சிறுக்கத்தோடும் வியர்வையோடும் தாடை வலித்தால் 108ஐ அழையுங்கள்.

வருவதற்கு முன் என்ன செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வலிநிவாரணி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால், தட்டினாலும் குளிர்ச்சி வைத்தாலும் பல் பதில் சொல்லாது. எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று சொல்லிவிட்டால் மருத்துவர் ஏமாற மாட்டார். கிராம்பு எண்ணெயை ஈறில் அப்பியதால் வெந்து வெளுத்த ஈறையும், மாத்திரையைப் பொடித்துப் பல்லோரம் வைத்ததால் வந்த புண்ணையும் புதிய நோய் என்று நினைத்து மருத்துவர் குழம்புவதுண்டு. "திட்டுவாரோ" என்று பயந்து இதைச் சொல்லாமல் விடுவதால் வரும் குழப்பம், திட்டைவிடப் பெரியது.

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தபோது, ஊசி போட்டும் பயங்கரமாக வலித்தது. கையை ஆட்டினேன். "ஊசி போட்டாச்சு, வலிக்காது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றார் மருத்துவர். ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்தது வேறு. இனி அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: உங்களுக்கு வலித்தது உண்மை, "வலிக்காது" என்று சொன்னதுதான் தவறு. கடுமையாக வீங்கிய நரம்புள்ள கீழ்க் கடைவாய்ப் பல், பல் மருத்துவத்திலேயே மரத்துப்போக மறுக்கும் இடம். தாடையின் பின்புறம் போடும் ஊசியால் உதடும் நாக்கின் பாதியும் மரத்துப்போன பிறகும், பல்லின் உள்ளே தொட்டால் வலிக்கலாம். இது எல்லாப் பல் மருத்துவர்களும் படித்து அறிந்த விஷயமே. அப்போது பல்லைச் சுற்றியோ, பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலோ கூடுதல் ஊசி போடலாம். தேவைப்பட்டால் நரம்பறைக்குள்ளேயே போடலாம். மருந்து வைத்து மூடிவிட்டு வேறொரு நாள் தொடரவும் செய்யலாம். இத்தனை வழிகள் இருக்கும்போது நோயாளியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

சாய்ந்த பிறகு பேச முடியாது என்பதால், சைகையை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவீர்களா, டாக்டர்?" என்று கேளுங்கள். இடது கை எதற்கென்றால், வலக்கைப் பழக்கமுள்ள மருத்துவர் பெரும்பாலும் உங்கள் வலப்புறம்தான் இருப்பார்; அந்தக் கையை வீசினால் சுழலும் கருவியில் பட்டுவிடும். முதல்முறை கையைத் தூக்கும்போதே அவர் நிறுத்துகிறாரா என்று பாருங்கள். நிறுத்துகிறவரிடம் நோயாளிகள் பிறகு கையைத் தூக்குவதே குறைந்துவிடும். நிறுத்த முடியும் என்ற உறுதி கிடைத்துவிட்டால் பயம் பெரும்பகுதி விலகிவிடுகிறது.

பல்லைப் பிடுங்கும்போது மட்டும் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுங்கள். மரத்துப்போகும் மருந்து வலியைத் தடுக்கும். அழுத்தம், இழுப்பு, எலும்பில் "நறநற" என்று கேட்கும் ஓசை ஆகியவற்றைத் தடுக்காது. இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவரிடம், அழுத்தத்தையே வலி என்று நினைத்து நோயாளி திடுக்கிடுவார். படபடப்பைப் பொறுத்தவரை, மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகெய்னோடு மிகச் சிறிதளவு அட்ரினலின் சேர்ப்பது வழக்கம். அது ரத்தத்தில் கலந்தாலும், பயத்தாலேயும் சில நிமிடங்கள் நெஞ்சு துடிக்கும். இதை ஊசி மருந்து ஒவ்வாமை என்று நீங்களாகவே முடிவுகட்டி, அடுத்த மருத்துவரிடம் "எனக்கு ஊசி ஒத்துக்காது" என்று சொல்லிவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள், அது ஒவ்வாமையா இல்லையா என்று அவர் தீர்மானிக்கட்டும்.

பயத்தை அளப்பதற்கே ஐந்து கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது. தமிழிலும் அதை மொழிபெயர்த்துச் சோதித்திருக்கிறார்கள். மதிப்பெண் 5 முதல் 25 வரை. 19 அல்லது அதற்கு மேல் போனால் கடும் பயம். காத்திருக்கும் அறையில் இந்தத் தாளை நிரப்பித் தரச் சொல்லும் கிளினிக்குகள் குறைவுதான். ஆனால் "எனக்குப் பல் டாக்டர் என்றாலே பயம், போன தடவை ரொம்ப வலித்துவிட்டது" என்று உட்கார்ந்ததும் சொல்லிவிடுவதற்குத் தாள் தேவையில்லை.

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. பல் பிடுங்க அழைத்துச் சென்றேன். "ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று மருத்துவர் கேட்டபோது, "சுகர் மாத்திரைதான்" என்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான், இதயத்துக்கு ஒரு மாத்திரையும் எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரையும் சாப்பிடுவது நினைவுக்கு வந்தது. பல்லுக்கும் எலும்பு மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, சேலம்

பதில்: நெருங்கிய சம்பந்தம் உண்டு. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை தரப்படுவது பெரும்பாலும் அலென்ட்ரோனேட் வகை மருந்து. இந்த வகை மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குப் பல்லைப் பிடுங்கிய இடம் ஆறாமல், தாடை எலும்பு வெளியே தெரியும்படி பட்டுப்போவதுண்டு. 2003ஆம் ஆண்டிலிருந்து இது மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிறது. மாத்திரையாகச் சாப்பிடுகிறவர்களுக்கு இது அரிது. புற்றுநோய்க்காக ஜோலெட்ரோனிக் அமிலத்தை ஊசி வழியாகப் பெறுகிறவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடுதல். அத்தகையவர்களுக்குப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று மருத்துவர் முதலில் பார்ப்பார். தெரிந்தால்தானே பார்க்க முடியும்?

இதயத்துக்கான மாத்திரை ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தாக இருக்கலாம். இதில் இரண்டு வகையான தவறுகள் நடக்கின்றன. சொல்லாமல் விடுவது ஒன்று. "பல்லு பிடுங்கணும்னா நிறுத்திட்டுத்தான் போகணும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு, தாமாகவே ஒரு வாரம் நிறுத்திவிட்டு வருவது மற்றொன்று. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. பல் பிடுங்கிய இடத்தில் வரும் ரத்தத்தைப் பஞ்சை வைத்துக் கடித்தும், தையல் போட்டும் நிறுத்திவிடலாம். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த இடத்தில் ரத்தம் உறைந்தால் அப்படி ஒன்றும் செய்ய முடியாது. இதய மருத்துவரும் பல் மருத்துவரும் சேர்ந்து சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

மாத்திரைப் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லி முதியவர்களைத் துன்புறுத்தாதீர்கள். வீட்டிலுள்ள அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரும் "ஏதாவது மாத்திரை?" என்று பொதுவாகக் கேட்பதோடு நிறுத்தாமல், "தினமும் இல்லாம, வாரத்துக்கு ஒண்ணு, மாசத்துக்கு ஒண்ணுன்னு ஏதாவது போடுறீங்களா? ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி, வருஷத்துக்கு ஒரு ஊசின்னு ஏதாவது உண்டா?" என்று கேட்டால் எலும்பு மருந்து தானாக வெளியே வந்துவிடும்.

ஓர் இடைக்குறிப்பு. முதியவரை அழைத்து வந்தால், பல மருத்துவர்கள் மருமகளையோ மகனையோ பார்த்தே பேசுகிறார்கள். "அம்மாவுக்கு நாலு பல் எடுக்கணும்" என்று அம்மாவின் தலைக்கு மேலே பேச்சு நடக்கும். காது மந்தமாக இருந்தாலும், வாய் அவருடையது. அவரைப் பார்த்து, முகக்கவசத்தை இறக்கிவிட்டு, மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். குறிப்பாகப் பல் செட் கட்டுகிறவர்களுக்கு இது மிக அவசியம். புதிய செட்டில் முதல் சில வாரங்கள் எச்சில் அதிகமாக ஊறும், பேச்சு குழறும், ஈறில் ஒரு சில இடங்களில் புண்ணாகும், அதைத் தேய்த்துச் சரிசெய்ய இரண்டு மூன்று முறை வர வேண்டியிருக்கும் என்று அவரிடமே சொல்லாவிட்டால், அந்தச் செட் கண்ணாடி டம்ளரிலேயே கிடக்கும்.

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. பல் மருத்துவமனை வாசலிலேயே அழத் தொடங்கிவிடுகிறான். "ஊசியெல்லாம் போட மாட்டாங்க" என்று சொல்லித்தான் அழைத்துச் சென்றேன், ஆனால் போட்டுவிட்டார்கள். இப்போது என்னையே நம்ப மாட்டேன் என்கிறான்.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்களால் காப்பாற்ற முடியாத உறுதியைக் கொடுத்துவிட்டீர்கள். "சேட்டை பண்ணினா பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டும் வீடுகள் ஒரு பக்கம், "ஒண்ணுமே பண்ண மாட்டாங்க" என்று ஏமாற்றும் வீடுகள் மறுபக்கம். இரண்டிலும் அவதிப்படுவது குழந்தைதான். "டாக்டர் உன் பல்லை எண்ணிப் பார்ப்பார், அப்புறம் என்ன செய்யணும்னு அவரே உனக்குச் சொல்வார்" என்று சொன்னால் போதும். அது பொய்யும் அன்று, பயமுறுத்தலும் அன்று.

குழந்தைகளிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு ஆடல்ஸ்டன் என்ற மருத்துவர் 1959ஆம் ஆண்டில் விவரித்த முறை இன்றும் எல்லாப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கற்பிக்கப்படுகிறது. முதலில் சொல்வது, பிறகு காட்டுவது, அதன் பிறகே செய்வது. சுழலும் தூரிகையைக் காட்டி, குழந்தையின் கட்டைவிரல் நகத்தில் அதை ஓட்டி, கூச்சத்தில் அது சிரித்த பிறகு வாய்க்குள் கொண்டுபோவார்கள். சொன்னதற்கும் செய்ததற்கும் இடையே நேரம் கடத்தக் கூடாது என்பதும், சொல்லாத எதையும் செய்யக் கூடாது என்பதும் இதில் அடக்கம். மருத்துவர் குழந்தையோடு பேசும்போது, நீங்களும் பாட்டியும் கூடவே "வாயைத் திற, ஆ காட்டு" என்று ஒரே நேரத்தில் குரல் கொடுக்காதீர்கள்; மூன்று குரல்களில் எதைக் கேட்பது என்று அதற்குத் தெரியாது.

ஆறு வயது என்று எழுதியிருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். இந்த வயதில், பால்பற்கள் எதுவும் விழாமலே அவற்றுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். "விழுந்து முளைக்கும்" என்று நினைத்துப் பெற்றோர் அதன் சொத்தையைக் கவனிக்காமல் விடுவதை அடிக்கடி பார்க்கிறேன். இந்த ஒரு செய்தியை மருத்துவர்கள் கேட்காமலே பெற்றோரிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் அப்பா புகையிலை போடுகிறவர். என்னை வைத்துக்கொண்டு மருத்துவர் கேட்டபோது, "அதெல்லாம் கிடையாது" என்று சொல்லிவிட்டார். நான் சொல்லவா, வேண்டாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பிள்ளைகள் முன்னால் ஒப்புக்கொள்ள எந்தத் தகப்பனாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். நீங்கள் வெளியே உட்கார்ந்துகொண்டு, மருத்துவரைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். அவரும் "புகையிலை பழக்கம் உண்டா?" என்று விசாரணை போலக் கேட்காமல், "எந்தப் பக்கம் அடக்கி வைப்பீங்க?" என்று கேட்டால் பதில் எளிதாக வந்துவிடும். பற்களின் கறையே பாதியைச் சொல்லிவிடும். ஆனால் எந்தக் கன்னத்தின் உட்புறத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும், வெள்ளைத் திட்டு இருக்கிறதா, வாய் முழுதாகத் திறக்கிறதா என்று கவனிக்க அந்த வாக்குமூலம் உதவும். பாக்கு மென்றாலும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் கூச்சம் பார்க்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: பற்களைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்கிறார்களே, உண்மையா? மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடுமா?
– வாசகி, திருச்சி

பதில்: இரண்டும் இல்லை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த காரை, பற்களைக் கவ்விப் பிடித்திருக்கும். அதை எடுத்தவுடன், ஏற்கெனவே ஈறு இறங்கி ஆடிக்கொண்டிருந்த பல்லின் ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. "சுத்தம் செஞ்ச பிறகு இடைவெளி தெரியும், சில நாள் கூசும்" என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தால் இந்த வதந்தி இத்தனை காலம் வாழ்ந்திருக்காது. கண்ணுக்குச் செல்லும் பார்வை நரம்பும் பல்லுக்குச் செல்லும் நரம்பும் வெவ்வேறு.

கேள்வி: நான் பி.டி.எஸ். முடித்து அண்மையில் சொந்தமாக கிளினிக் தொடங்கிய பல் மருத்துவர். எவ்வளவு விளக்கிச் சொன்னாலும் நோயாளிகள் கேட்பதில்லை. "மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க" என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுமுறை வருவதே இல்லை.
– வாசகர், விழுப்புரம்

பதில்: எவ்வளவு விளக்கினீர்கள் என்பதைவிட, எப்போது விளக்கினீர்கள் என்று யோசியுங்கள். வலியோடு துடிக்கிறவருக்கு ஈறு நோயையும் ஞானப்பல்லையும் கம்பியையும் ஒரே மூச்சில் சொன்னால், அவர் காதில் விழுவது மொத்தத் தொகை மட்டுமே. முதல் நாள் வலியை மட்டும் பேசுங்கள். மற்றவற்றை ஒரு தாளில் எழுதி, எது அவசரம், எது சில மாதம் காத்திருக்கலாம், எது அழகுக்காக மட்டும் என்று பிரித்துக் கொடுங்கள். அழகுக்கானதையும் அவசரத்தையும் ஒரே குரலில் சொல்கிற மருத்துவர் மீது நோயாளிக்குச் சந்தேகம் வருவது நியாயமே.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் மருத்துவர் அப்படிக் கேட்டால் மரியாதைக்காகவே "புரிஞ்சுது சார்" என்பார்கள். "வீட்டில போய் என்ன சொல்வீங்க, எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க, நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும்" என்று கேளுங்கள். பொறுப்பை உங்கள் மீது வைத்துக்கொண்டு கேட்பதால் அவருக்கும் தேர்வு எழுதுவதுபோல் இருக்காது. பல் பிடுங்கிய பிறகு சொல்லும் பத்தியங்களுக்கு இது கட்டாயம். பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொன்னதை மறந்து, ரத்தத்தைத் துப்பித் துப்பி, கொப்பளித்து, உறைந்த ரத்தக் கட்டியைக் கலைத்துவிட்டு, மூன்றாம் நாள் காய்ந்த குழியோடும் தாங்க முடியாத வலியோடும் வருகிறவர்கள் எல்லோரும் தலையாட்டியவர்கள்தான்.

கைக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, அவர் பல்லை அவரே பார்க்கச் செய்யுங்கள். "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்ற கேள்வியை மட்டும் கிளினிக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள், அதற்கு யாராலும் பயனுள்ள பதில் சொல்ல முடியாது, அடுத்தமுறை இன்னும் தாமதமாக வர மட்டுமே அது கற்றுக்கொடுக்கும். மாத்திரை கேட்பவரிடம், ஆன்டிபயாட்டிக் நரம்பு வீக்கத்தால் வரும் வலியைக் குறைக்காது, ரத்த ஓட்டம் நின்றுபோன பல்லுக்குள் மருந்து போய்ச் சேர வழியில்லை என்று இரண்டே வாக்கியங்களில் சொல்லுங்கள். அதன் பிறகும் அவர் இன்று வேண்டாம் என்றால், அது அவருடைய உரிமை. சீட்டில் பல்லின் எண்ணையும் நோயையும் எழுதிக் கொடுத்து, முகம் சுளிக்காமல் அனுப்புங்கள். வலி திரும்பும்போது அவர் அந்தச் சீட்டோடு உங்களிடமே வருவார்.

கேள்வி: ஒரு மருத்துவர் பல்லை எடுக்க வேண்டும் என்கிறார், மற்றவர் காப்பாற்றலாம் என்கிறார். யாரை நம்புவது? சிகிச்சை தவறாகிப்போனால் எங்கே முறையிடுவது?
– வாசகர், சென்னை

பதில்: இருவருமே நேர்மையாகச் சொல்லியிருக்கலாம். மிச்சமிருக்கும் பல்லின் அளவு, எலும்பின் நிலை, உங்கள் வயது, செலவழிக்கும் வசதி ஆகியவற்றை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எடைபோடுவார்கள். "இந்தப் பல் எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்று நினைக்கிறீர்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். காரணத்தைச் சொல்லத் தயங்குகிறவரை விட்டுவிடலாம். மூன்றாவது கருத்துக்கு, சென்னையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். அங்கே வேர் சிகிச்சைக்கும் ஈறுக்கும் பல் கட்டுவதற்கும் தனித்தனித் துறைகள் உள்ளன. எடுத்த படங்களின் நகலைக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். செல்பேசிக்கு அனுப்பச் சொன்னாலும் போதும்.

முறையிடுவதற்கு முன், சிகிச்சை செய்த மருத்துவரிடமே ஒருமுறை போய், என்ன நடந்தது என்று கேளுங்கள். வேருக்குள் ஊசி போன்ற கருவியின் நுனி முறிந்து தங்குவதுபோன்ற சில விஷயங்கள், கவனமாகச் செய்யும்போதும் நேரக்கூடியவை. அதை உடனே சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை, மறைப்பதுதான் குற்றம். அவருடைய விளக்கத்தில் நிறைவில்லை என்றால், நடத்தை தொடர்பான புகாரை மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் இடங்களுக்கு இது பொருந்தாது. இப்போது நடைமுறையிலுள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையீட்டுக்குக் காரணமான நிகழ்வு நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடவும் முடியும். ரசீது, சீட்டு, படங்கள், கையெழுத்திட்ட சம்மதத் தாளின் நகல் ஆகியவை கையில் இருக்க வேண்டும். சம்மதத் தாளின் நகலைக் கையெழுத்திடும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.